காவலர் வேண்டாவும் காணாமல் போன வாளும்

கருங்குழி கருப்பன், செங்கம்மாள் தம்பதிக்கு நான்காவதாகவும் பெண் பிறந்தபோது வேண்டா என்று பெயர் வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது. அதன் பிறகு கருப்பன் பெயர்களை நம்புவதை விட்டுவிட்டு, வயல் கூலியையும் விட்டுவிட்டு, அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். ஐந்து பெண்களும் படித்தார்கள். அவர்களில் வேண்டாதான் பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்தவர்.

1997-இல் வேண்டா காவல் துறையில் சேர்ந்தார். பயிற்சியில் ஓடினார், சுவர் ஏறினார், லத்தி சுழற்றினார். மூன்றாம் மாதம் யாரோ ஓர் அதிகாரி அவர் விண்ணப்பத்தில் தட்டச்சு என்ற சொல்லைப் பார்த்துவிட்டார். அத்துடன் ஓட்டம் நின்றது. கடலோரச் சிறப்பு உட்கோட்டம் என்று செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்த ஒரு வாடகைக் கட்டடத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரையில் நடக்கும் தவறுகளை, கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் உட்கார்ந்து அது கவனித்து வந்தது. அங்கே வேண்டாவுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பத்து வருடம் அதே நாற்காலி.

2001-இல் அந்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நல்ல நாள் பார்த்து அட்டைப் பெட்டியைப் பிரித்தார்கள். அதற்கு உறை தைத்தார்கள். அந்த அறைக்குள் செருப்பு போடக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். தட்டச்சு தெரிந்த ஒரே ஆள் என்பதால் அறைச் சாவி வேண்டாவிடம் வந்தது. 2005-இல் சென்னையில் சைபர் குற்றம் பற்றி மூன்று நாள் பயிற்சி. போக வேண்டிய இன்ஸ்பெக்டர் வீட்டில் காதுகுத்து. அலுவலகத்தில் இல்லாமல் போனாலும் தெரியாது என்று கருதப்பட்டவர் வேண்டா ஒருவர்தான், அவரை அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து ஒரு சான்றிதழ், ஒரு சி.டி., ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஆகியவற்றுடன் திரும்பினார். கணினி எதையும் லேசில் மறக்காது, அது சொல்லும் நேரம் யார் கடிகாரத்தின் நேரம் என்று முதலில் கேள் என்ற இரண்டு பாடங்களும் உடன் வந்தன. டிபன் பாக்ஸை மட்டும் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவர் ‘சைபர்’ வேண்டா. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் சைபர். இன்ஸ்பெக்டர் மகனுக்குப் பள்ளியில் புராஜெக்ட் என்றால் சைபர். டி.எஸ்.பி. ராஜாராம் தம் மகளின் ஜாதகத்தை ஸ்கேன் செய்து பதினேழு வரன்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதும் சைபர் பிரிவின் பணிகளில் அடங்கும்.

உண்மையான சைபர் குற்றம் 2007 ஜூலை பத்தாம் தேதி, மடிப்புக் கலையாத சட்டையில் வந்து சேர்ந்தது.

வந்தவர் ஹரிசங்கர். அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம் டவுன்ஷிப்பில் பெரிய அதிகாரி. எழுந்து நிற்பதா வேண்டாமா என்று ராஜாராம் பாதி எழுந்து பாதியில் அமர்ந்தார்.

“என்ன சார் திருடு போச்சு?”

“வாள்.”

ராஜாராம் முகம் மலர்ந்தது. நீண்ட நாட்களாகப் பெரிய வழக்கு எதுவும் வரவில்லை. “எத்தனை அடி?”

“நிஜ வாள் இல்ல சார். ஆன்லைன் கேம்ல இருக்கிற வாள். பனிநாக வாள்னு பேரு. உலகம் பூரா ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான பேர் ஆடற கேம் அது. என் பையன் ஸ்ரேயாஸ் ரெண்டு வருஷம் ஆடி சம்பாதிச்ச வாள்.”

“ரெண்டு வருஷமாவா? இப்ப என்ன படிக்கிறார்?”

“பிளஸ் டூ.”

“அதைப் பத்தி ஏதாவது புகார் உண்டா?”

“இல்ல. வாளைப் பத்தி மட்டும்தான். பையன் மூணு நாளா சாப்பிடல.”

டவுன்ஷிப்பில் பெரிய அதிகாரியின் பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை என்றால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. முதல் தகவல் அறிக்கை போட உத்தரவானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி டி.எஸ்.பி.க்குக் குறைந்தவர்கள் விசாரிக்கக் கூடாது. ஆகவே விசாரணை அதிகாரி ராஜாராம். தட்டச்சு வேண்டா.

படிவத்தில் ‘களவு போன சொத்தின் விவரம், அடையாளம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வேண்டா ஸ்ரேயாஸிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார்: ‘நீல நிற வாள் ஒன்று. கைப்பிடியில் பாம்புத் தலை. வீசினால் எதிரிகள் எட்டு விநாடி உறைந்து நிற்பார்கள் (மனுதாரர் கூற்றுப்படி).’ ஸ்ரேயாஸ் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். துக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

கேமை நடத்தும் கொரிய நிறுவனத்துக்கு வேண்டா ஆங்கிலத்தில் கடிதம் எழுத, அவர்கள் ஒரு வாரத்தில் பதில் அனுப்பினார்கள். ஜூலை ஏழாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு ஸ்ரேயாஸின் ‘டார்க்சோழன்’ என்ற பாத்திரத்திடமிருந்து ‘ஸீக்வீன்’ என்ற பாத்திரத்துக்கு வாள் கைமாறியிருக்கிறது. அந்த நேரத்தில் டார்க்சோழனின் கணக்கு திறக்கப்பட்ட இணைப்பு, மாமல்லபுரத்தில் பட்டாபி என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டருடையது. அங்கே அந்த கேம் இருந்தது நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும்.

உடனே ஒரு படை மாமல்லபுரம் போனது. பிற்பகல் இரண்டே முக்காலுக்கு நாலாம் நம்பரில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரை அவர் தங்கியிருந்த ஹோட்டலில் பிடித்து, வாள் எங்கே என்று விசாரித்தார்கள். அவர் கடற்கரையில் தாம் வாங்கிய ஒரு கல் பிள்ளையாரைப் பயத்துடன் எடுத்து நீட்டினார்.

வேண்டாவுக்கு விஷயம் தெரிந்ததும் டி.எஸ்.பி. அறை வாசலில் நின்றார்.

“ஐயா, அது கொரியா டைம். நம்மளவிட மூணரை மணி நேரம் முன்னாடி ஓடுது. நமக்கு அது பதினொண்ணே கால்.”

“கொரியாவுல மணி வேறயா?”

“ஆமாங்கய்யா.”

“இதை அவன் மெயில்ல சொல்ல வேணாமா?” என்று ராஜாராம் ஒரு நாட்டின் மீதே வருத்தப்பட்டார்.

படை திரும்பப் போனது. கவுண்டரில் இருந்த கம்ப்யூட்டர், யார் எந்த மெஷினில் எப்போது உட்கார்ந்தார்கள் என்று பதிந்து வைக்கும். பதினொன்றே காலைத் தேடிக்கொண்டே வந்தவர்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்தார்கள். நாலாம் நம்பர், 10.50 முதல் 11.20 வரை, ‘ஸ்டாஃப்’. ஸ்டாஃப் என்று அந்தக் கடையில் இருந்தது ஒரே ஆள்: சிநேகா, இருபத்தொரு வயது. வாள் போய்ச் சேர்ந்த பெயரோ ராணி. பெண்ணின் பெயர், பெண் ஊழியர். இதற்கு மேல் ஆதாரம் வேண்டுவோர் காவல் துறையில் அப்போது குறைவு. நாலாம் நம்பரைப் பறிமுதல் செய்து, வெள்ளைத் துணியில் பொட்டலம் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். காற்றுப் போகும் துளைகளின் வழியே கொஞ்சம் அரக்கு உள்ளேயும் போனது. கவுண்டர் கம்ப்யூட்டரில் வாள் எதுவும் போகவில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

பத்தொன்பதாம் தேதி சிநேகா அலுவலகத்துக்கு வரவழைக்கப்பட்டாள். ராஜாராம் மதிய உணவுக்குப் போயிருந்ததால் வேண்டாவின் மேஜை எதிரே உட்கார்ந்தாள்.

“நா அந்த கேமே ஆடனதில்லக்கா. எனக்கு சீட்டுக்கட்டு அடுக்கறது மட்டும்தான் தெரியும்.”

“நாலாம் நம்பர்ல ஒக்காந்தியா இல்லியா?”

“தெனிக்கும் காலைல ஒவ்வொண்ணுத்துலயும் ஒக்காந்து பாப்பேன், வேல செய்யுதான்னு. பத்து மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். பதினோரு மணிக்கு கவுண்டர வுட்டு எழுந்திருக்கவே முடியாது. சனிக்கெழம பொத்தேரி காலேஜு பசங்க வந்து மொச்சிக்கினு கீறாங்க.”

“பதினொண்ணே காலுக்கு ஒக்காந்தன்னு கம்ப்யூட்டர் சொல்லுது.”

“கம்ப்யூட்டர் இன்னா வேணா சொல்லும்க்கா. நா அங்க இல்ல.”

பிறகு பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் அவள் தட்டச்சராகத் தேர்வாகியிருந்தாள். அவளைப் பற்றிய போலீஸ் விசாரணை அறிக்கை முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு வேலை. அம்மா மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் துணி துவைப்பவர். அவர்கள் தெருவுக்கு அரசாங்க முத்திரையோடு வந்த முதல் நல்ல கடிதம் அது. போன ஞாயிறு ஆலயத்தில் நன்றிக் காணிக்கையும் படைத்தாகிவிட்டது.

“ரிப்போர்ட்டு இங்கேந்துதான் போவணுமாமே?” என்றாள்.

“இங்கேந்துதான். அதோ கீது பாரு,” என்று வேண்டா தம் மேஜை மூலையைக் காட்டினார். சிநேகாவின் விசாரணைப் படிவம் அங்கேயே இருந்தது. ஏழாவது கட்டம்: ‘இவர் மீது வழக்கு ஏதேனும் உண்டா?’ அதை நிரப்பாமல் வைக்கும்படி டி.எஸ்.பி. காலையில்தான் சொல்லியிருந்தார். நிரப்பாமல் முப்பதாம் தேதி தாண்டினால், யாரும் எதுவும் செய்யாமலேயே சிநேகாவின் வேலை போய்விடும்.

வேண்டாவுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. சென்னையில் புதிதாகத் தொடங்கும் ஒரு சைபர் பிரிவுக்கு ஆட்கள் கேட்டிருந்தார்கள். துப்புத் துலக்கிய வழக்கு ஒன்றாவது விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். பத்து வருட நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒரு வழி.

மறுநாள் வேண்டா கவுண்டர் கம்ப்யூட்டரின் பதிவு முழுவதையும் ஒரு சி.டி.யில் நகல் எடுத்து வந்தார். மற்றவர்கள் நேரத்தை மட்டும் பார்த்தார்கள். அவர் வரிசை எண்ணையும் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வந்த வரிசையில், ஒன்பதாவது ஆள் உட்கார்ந்த நேரம் 11.52. அவருக்குப் பின் வந்த பத்தாவது ஆள் உட்கார்ந்த நேரம் 10.38. பின்னால் வந்தவர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முந்தைய சனிக்கிழமையைப் பார்த்தார். அன்றும் பன்னிரண்டு மணிக்குக் கிட்டப் போன நேரம், திடீரென்று பத்தரைக்குத் திரும்பி வந்திருந்தது. எட்டு சனிக்கிழமை பார்த்தார். எட்டிலும் அப்படியே. மற்ற நாட்களில் நேரம், நேரமாகவே ஓடியது. எட்டு சனிக்கிழமையும் முதல் வரி பத்தரை மணிக்கு மேல்தான். சிநேகாவோ கடை ஒன்பதுக்குத் திறக்கும் என்கிறாள்.

இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. வேண்டா சீருடை இல்லாமல் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கு முன்பே பட்டாபி கடை வாசலில் நின்றார். சிநேகா ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது தாண்டி, கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டி முடிந்து, நெற்றியில் புதுத் திருமண்ணுடன் பட்டாபி வந்தார். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக் கடை வைத்தவர். பின்னாலேயே அவர் மனைவி ரமா, பெயர் எழுதும் நோட்டுடன். பட்டாபி கவுண்டர் கம்ப்யூட்டரைப் போட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, மவுஸால் கடிகாரத்தைத் திறந்து, முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார். பிறகு கற்பூரம் காட்டினார். பிறகு, “ம், மத்ததெல்லாம் போடும்மா,” என்றார் சிநேகாவிடம். மற்ற எட்டு கம்ப்யூட்டர்களும் கவுண்டரைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொண்டன.

“இன்னா சார் பண்றீங்க?” என்றார் வேண்டா.

“சனிக்கிழமை ஒம்போதுலேந்து பத்தரை ராகு காலமோன்னோ. கோஷ்டி முடிஞ்சு நான் வரவே ஒம்போது ஆயிடறது. பத்தரை வரைக்கும் கடையைத் திறக்காம இருந்தா அந்தப் பசங்கள்ளாம் எதிர்க் கடைக்குப் போயிடுவா. அதான்.”

“இப்ப மணி ஒம்போது அஞ்சு.”

“வெளில ஒம்போது அஞ்சு. உள்ள பத்து முப்பத்தஞ்சு.”

“கதவு ஒம்போதுக்கு முன்னாடியே தொறந்தாச்சே?”

“அது சிநேகா திறந்தது. அவ கிறிஸ்டியன். அவளுக்கு ராகு காலம் கிடையாது.”

“சாருக்கு இன்னா வசதிக்கா,” என்றாள் சிநேகா, பெருக்குவதை நிறுத்தாமல்.

“மறுபடி எப்ப மாத்துவீங்க?”

“ராகு காலம் முடிஞ்ச உடனே. பெருமாளை ஏமாத்தற எண்ணமெல்லாம் நமக்குக் கிடையாது மேடம். ஒண்ணரை மணிதான் எடுத்துப்பேன். அதை அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன்.”

“இத ஏன் போலீஸ்ல சொல்லல?”

“கேக்கலையே. அவா அரக்கு உருக்கறதுலயே இருந்தா.”

வேண்டா சிநேகாவைப் பார்த்தார். “நீயாவது சொல்றதுக்கு இன்னா?”

“அது சாமி விஷயமாச்சேக்கா. அதப் போயி கேஸுல சொல்லுவாங்களா?”

ஆக, சிநேகா நாலாம் நம்பரில் உட்கார்ந்த 10.50, ஊர்க் கடிகாரத்தில் 9.20. வாள் கைமாறிய உண்மையான பதினொன்றே காலுக்குப் பட்டாபியின் கடிகாரம் சரியாகிவிட்டது. அந்த நேரத்துக்குப் பதிவில் இன்னொரு வரி கீழே இருந்தது: வரிசை எண் பதினொன்று, நாலாம் நம்பர், 11.05 முதல் 11.40 வரை. இரண்டாவது வரியிலேயே குற்றவாளி கிடைத்துவிட்டதால் பதினொன்றாவது வரிவரை யாரும் போகவில்லை.

“மாமி, ஏழாம் தேதி பதினோராவதா வந்தது யாரு?”

ரமா நோட்டைப் புரட்டினார். கம்ப்யூட்டர் கொடுக்கும் வரிசை எண்ணுக்கு நேரே தம் கையாலேயே பெயரும் ஊரும் எழுதாத யாரையும் அவர் உள்ளே விடுவதில்லை. பதினொன்று என்ற எண்ணுக்கு நேரே அழகான கையெழுத்தில் இருந்தது: ஸ்ரேயாஸ், அணுபுரம்.

“அந்தக் குழந்தையா? டியூஷன்னு சொல்லிட்டு இங்க வருவான். சனிக்கிழமை தவறாம வருவான். நன்னாப் படிக்கற பிள்ளை,” என்றார் ரமா.

வாளைப் பறிகொடுத்தவன் பெயர் புகார் மனுவைத் தவிர வேறெங்காவது இருக்கக்கூடும் என்று கடலோரச் சிறப்பு உட்கோட்டம் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வேண்டா வரிசை எண், பதிவு நேரம், ஊர் நேரம், கொரிய நேரம் என்று நான்கு கட்டம் போட்ட தாளை டி.எஸ்.பி. முன் வைத்தார். ராஜாராம் அரை மணி நேரம் அதைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஒன்றும் புரியவில்லை என்பது அந்தத் தலையாட்டலின் வேகத்திலேயே தெரிந்தது.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுன்னு கோர்ட்டுல எப்படிம்மா சொல்றது?”

“பொய் சொல்லலைங்கய்யா. ராகு காலத்துல கடை திறக்கக் கூடாதுன்னு ஓனர் கடிகாரத்த ஒண்ணரை மணி தள்ளி வெச்சிருக்காரு.”

ராஜாராம் பேனாவைக் கீழே வைத்தார். ராகு காலத்தில் எந்தக் கோப்பிலும் கையெழுத்திடாத மனிதர் அவர். அந்த நேரங்களில் கழிவறைக்கும் நூலகத்துக்கும் போய்விடுவார். மூன்று நாள் பயிற்சியாலும் நான்கு கட்டம் போட்ட தாளாலும் முடியாதது ஒரு வாக்கியத்தில் நடந்தது.

“ஓ,” என்றார். “அப்ப அந்தப் பொண்ணு ஒக்காந்தது நிஜத்துல ராகு காலத்துலயா? சரி சரி. அப்ப வாள் போனது அதுக்கப்புறம்.” எழுந்து நடந்தார். “நல்ல ஐடியாவா இருக்கேம்மா. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இது பண்ண முடியுமா?”

“முடியுங்கய்யா. பண்ணா நம்ம மேலயும் கேஸ் வரும்.”

மாலையில் ஹரிசங்கரும் ஸ்ரேயாஸும் வந்தார்கள். வேண்டா ரமாவின் நோட்டைத் திறந்து பையன் முன்னால் வைத்தார்.

“இது யாரு கையெழுத்து தம்பி?”

ஸ்ரேயாஸ் நோட்டை மூடி, அப்பாவின் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தான். பிறகு, “கிஃப்டா குடுத்தேன்,” என்றான்.

“யாருக்கு?” என்றார் அப்பா.

“ஸீக்வீனுக்கு. ரெண்டு மாசமா சாட் பண்ணிட்டிருந்தோம். பொத்தேரியில செகண்ட் இயர்னு சொன்னா. நேர்ல பாக்கலாம்னு வாளைக் குடுத்துட்டு பொத்தேரி ஸ்டேஷன்ல போய் நின்னேன்.”

“வந்தாளா?”

“வந்தான்.”

வந்தவன் பெயர் பூபாலன். மறுநாள் விடுதியிலிருந்து அழைத்து வந்தார்கள். தாடி, லுங்கி, கையில் பாதி தின்ற பரோட்டாப் பொட்டலம். “நான் பொண்ணுன்னு எங்கயும் சொல்லல சார். செகண்ட் இயர்னுதான் சொன்னேன். அது உண்மை. மார்க் ஷீட் காட்டட்டா?” என்றான். வாளைத் திருப்பிக் கொடுக்கிறாயா என்றதற்கு, அதை ஒரு டிராகனிடம் இழந்துவிட்டதாகவும் டிராகன் மீது வேண்டுமானால் புகார் தரத் தயார் என்றும் சொன்னான்.

மானத்தோடு பிழைக்க ஹரிசங்கருக்கு ஒரே வழி புகாரைத் திரும்பப் பெறுவது. அதற்கும் தடை இருந்தது. முதல் தகவல் அறிக்கையைக் கிழித்துப் போட முடியாது. வழக்கை முடிப்பதாக நீதிமன்றத்துக்கு எழுதி, அது ஏற்று, பதில் வர ஓரிரண்டு மாதம் ஆகலாம்.

இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை. சிநேகாவின் படிவத்தை வேண்டா டி.எஸ்.பி. முன் வைத்தார்.

“கோர்ட் ஆர்டர் வரட்டும்மா. அவசரப்பட்டு க்ளீன்னு எழுதிட்டு நாளைக்கு ஒரு கேள்வி வந்தா?”

“முப்பதாந்தேதி லாஸ்ட்டுங்கய்யா. நடுவுல சனி, ஞாயிறு. எஃப்.ஐ.ஆர்.ல அந்தப் பொண்ணு பேரே கிடையாது. குற்றவாளி தெரியாத நபர்னுதான் போட்டிருக்கு. நாந்தான் டைப் பண்ணேன்.”

“தெரியும். ஆனாலும் பொறுத்துப் பாப்போம்.” ராஜாராம் படிவத்தை ஓரமாக நகர்த்தி, அதன் கீழே இருந்த வழக்கு அறிக்கையை எடுத்தார். வேண்டாதான் தட்டச்சு செய்திருந்தார். பத்தாவது பத்தியில், ‘முதல் நிலைக் காவலர் வேண்டா பதிவுகளை ஆராய்ந்து நேர முரண்பாட்டைக் கண்டறிந்தார்’ என்று இருந்தது. சென்னை விண்ணப்பத்துக்கு அந்த ஒரு வரி போதும். ராஜாராம் அதை இரண்டு முறை படித்தார்.

“சட்டப்படி டி.எஸ்.பி.தானேம்மா விசாரிக்கணும்? இதை நீ கண்டுபுடிச்சன்னு எழுதினா கேஸே செல்லாதுன்னு வக்கீல் கேப்பான்.”

“கேஸே முடியப்போவுதுங்கய்யா. எந்த வக்கீல் வரப்போறாரு?”

“இல்ல, ஒரு பேச்சுக்கு.” ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். “எஸ்.பி. இதைப் பத்திக் கேட்டாரு. கேம் கேஸு புதுசாம். கொஞ்சம் விவரமா எழுதச் சொன்னாரு.”

வேண்டா அறிக்கையையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு தம் நாற்காலிக்குப் போனார். ‘முதல் நிலைக் காவலர் வேண்டா’ என்ற மூன்று இடங்களை அழித்து, ‘எனது நேரடி விசாரணையில்’ என்று அடித்தார். நான்காவதாகவும் ஓர் இடத்தில் சேர்த்தார். கேட்காமலேயே கொடுத்தால் கையெழுத்து சீக்கிரம் விழும். ‘பயிற்சியில் கற்ற’ என்பதை ‘எனது நீண்ட அனுபவத்தில் கற்ற’ என்று மாற்றினார். பிரிண்ட் எடுத்து, சிநேகாவின் படிவத்தில் ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று அடித்து, அதை அறிக்கையின் அடியில் வைத்து, இரண்டையும் ஒரே கிளிப்பில் கோத்துக் கொண்டுபோனார்.

ராஜாராம் மேல் தாளைப் படித்தார். நான்காவது இடத்தில் அவர் உதடு லேசாக விரிந்தது. கையெழுத்திட்டார். தாளைத் திருப்பினார். கீழே இருந்த படிவத்தைப் பார்த்தார். வேண்டாவைப் பார்த்தார்.

“ரெண்டும் சேந்தா வந்துச்சு?”

“ஒரே கேஸுதானேங்கய்யா.”

அவர் முட்டாள் இல்லை, டி.எஸ்.பி. வரைக்கும் வந்தவர். சிறிது நேரம் பேனாவை உருட்டினார். பிறகு அதிலும் கையெழுத்திட்டார்.

தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமை போகும் என்று வேண்டாவுக்குத் தெரியும். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கவரைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவரே சென்னைக்கு ரயில் ஏறினார். அந்த அரசு அலுவலகத்தில் தபால் வாங்கும் எழுத்தர் நாலரை மணிக்கே மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டா அடையாள அட்டையைக் காட்டினார். பத்து வருடத்தில் அது ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. கவர் மேல் தேதி முத்திரை விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சென்னை சைபர் பிரிவு அவர் விண்ணப்பத்தை, ‘துப்புத் துலக்கிய வழக்கு ஏதுமில்லை’ என்ற குறிப்புடன் திருப்பி அனுப்பியது. ராஜாராமுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பொத்தேரியில் ஒரு கருத்தரங்கில் பேசவும் அழைத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு மதியம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. சிநேகா.

“அக்கா, சேந்துட்டேன். சேர் குடுத்துட்டாங்க. ஒரு கால் ஆடுது.”

“அட்டய மடிச்சு கீழ வெய்யி. எங்களுதும் அப்டித்தான் கீது.”

“நீங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?”

“ஐயாவுக்கு பேச்சு டைப் பண்றேன். கருத்தரங்குக்கு.”

“இன்னான்னு பேசப் போறாராம்?”

“கம்ப்யூட்டர் நேரத்த கண்ண மூடிக்கினு நம்பக் கூடாதுன்னு. அவரு எப்டி கண்டுபுடிச்சாருன்னு.”

“எத்தினி பக்கம்க்கா?”

“அஞ்சு. கண்டுபுடிக்கிறது மூணாம் பக்கத்துல வருது. அங்கதான் நின்னுக்கினு கீறேன்.”

“சரிக்கா, சூப்பரண்டு கூப்புடுறாரு. வெச்சுடறேன்.”

“போ, போ. மொத நாளே பேச்சு வாங்காத.”

ரிசீவரை வைத்துவிட்டு வேண்டா மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பினார். ‘அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது’ என்ற வரி பாதியில் நின்றிருந்தது. ஐயாவுக்கு என்ன சந்தேகம் எழுந்திருக்கும் என்று யோசித்து, அதையும் அடித்து முடித்தார்.